கோயில் மைக்கில் ஆண் ஈ

ஆண்களின் மலட்டுத்தன்மை பற்றி ஒரு தேயிலைத் தோட்டம் முழுவதற்கும் கோயில் ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்ன பெண், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். சேர்ந்து ஒரு சங்கம் அமைக்கலாம். தலைவர் பதவியை மட்டும் விட்டுத்தரமாட்டேன்.

இத்தனைக்கும் நான் அமைதியானவள். பள்ளிக்கூடத்தில் என் தேர்ச்சி அறிக்கையில் ஒவ்வொரு தவணையும் “நிதானமான மாணவி” என்று எழுதுவார்கள். எதைச் செய்வதற்கு முன்பும் மனதுக்குள் ஒரு பட்டியல் போடுவேன். பஸ் ஏறுவதற்குக்கூடப் பட்டியல் உண்டு (குடை, சில்லறை, யன்னலோர இருக்கை, வாந்தி எடுக்காத பக்கத்து ஆள்). அன்றைக்கும் பட்டியல் இருந்தது. அதில் “மைக் ஓடுகிறதா என்று பார்” என்ற ஒரு வரிதான் இல்லை.

முதலில் ஈக்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் என் இறுதி வருட ஆய்வு பழ ஈயைப் பற்றியது. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, சோற்றுப் பருக்கையைவிடச் சின்னதாக, சிவப்புக் கண்ணோடு, அதுதான். விந்தணு உருவாவதற்குத் தேவையான மரபணுக்களில் ஒன்று கெட்டுப்போனால் ஆண் ஈக்கு என்ன ஆகும் என்று பார்ப்பது என் வேலை. ஆண் ஈயின் விந்தணு கிட்டத்தட்ட அதன் உடம்பளவு நீளம். (நானும் முதலில் நம்பவில்லை.) அவை கட்டுக் கட்டாக வளரும். கடைசியில் ஒவ்வொன்றும் தனித்தனியே பிரிய வேண்டும். நான் எடுத்துக்கொண்ட மரபணு கெட்டிருந்தால் அந்தப் பிரிதல் நடக்காது. கட்டு கட்டாகவே கிடந்து வீணாகிவிடும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஈ இறக்கையை அதிர்த்துப் பாடும், பெண்ணைச் சுற்றி ஆடும், மற்றதெல்லாமும் செய்யும். முட்டையிலிருந்து புழு மட்டும் வராது.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது? அப்பாவுக்குத் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் வேலை. அம்மா கொழுந்து எடுக்கிறவர். “விந்தணு” என்ற சொல்லை அப்பாவின் முன்னால் உச்சரிப்பதைவிடப் பரீட்சையில் ஃபெயிலாவது சுலபம். அதனால், “ஈயோட கண்ணைப் பத்திப் படிக்கிறேன்” என்று சொல்லிவைத்திருந்தேன். கஹவத்தையிலிருந்து மேலே ஏறினால் வருகிற எங்கள் தோட்டம் முழுவதற்கும் நான் கண் டாக்டர் ஆகிவிட்டேன். மேல் லயத்து (லயம் என்றால் எங்கள் வரிசை வீடுகள்) தாத்தா ஒருவர் தன் கண்புரைக்கு என்னிடம் சொட்டு மருந்து கேட்டார்.

அந்த வருடம் கோயில் திருவிழா நேரத்தில் பல்கலைக்கழக ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. “ஈக்களை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்” என்று மேடம் சொல்லிவிட்டார். நான் என் கண்ணாடிக் குழாய்களை எல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். குழாயின் அடியில் ஈக்களுக்கான உணவு, சக்கரையும் சோள மாவும் சேர்த்துக் காய்ச்சியது, பழுப்பு நிறத்தில் உறைந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிங்கள அம்மா வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, “நங்கி, வட்டலப்பம்த?” தங்கச்சி, இது அந்தக் கருப்பட்டி இனிப்பா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒன்றுகூடக் கொடுக்காத என் அற்பத்தனத்தின் மேல் இருந்த கோபத்தை, இறங்கும்வரை முகத்தில் காட்டிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்தால், அங்கே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார் வசந்தி அண்ணி.

வசந்தி அண்ணி என் ஒரே அண்ணன் குமாரின் மனைவி. கல்யாணமாகி நான்கு வருடம். குழந்தை இல்லை. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு எல்லாச் சோதனையும் செய்துபார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். “அடுத்த முறை கணவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்றார் டாக்டர். அந்த அடுத்த முறை வரவே இல்லை. அண்ணன் த்ரீவீலர் ஓட்டுகிறவர். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால் வண்டியைக் கழுவப் போய்விடுவார். அந்த வருடம் வண்டி கண்ணாடி மாதிரி மின்னியது.

அப்பாவின் அக்கா, எங்கள் பெரியத்தை, திருவிழாவுக்கென்று வந்திருந்தார். வந்த காரியம் வேறு. தேர் முடிந்த மறுநாள் அண்ணியைத் தெரணியகலையில் இருக்கும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். எம்பிலிப்பிட்டியவில் ஒரு பெண் இருக்கிறாள், அண்ணனுக்குப் பேசி முடிக்க வேண்டும்.

“அவனைச் சோதனை பண்ணணுமாம்ல,” என்றார் அத்தை, வெற்றிலையை மடித்துக்கொண்டே. “கொடசாஞ்ச த்ரீவீலரை ஒத்தை ஆளா தூக்கி நிமித்துனவன்டி அவன். அவனுக்கா கொற?”

“அது வேற அத்தை,” என்றேன்.

“ஒனக்கு என்ன தெரியும்? நீ கண்ணுதானே படிக்கிற.”

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மா அழுதார். அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அண்ணி ஒரு சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, “எனக்கு யாரு மேலயும் கோவம் இல்ல தர்ஷி,” என்றார். அதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தேர் நாள் காலையில் அண்ணன் த்ரீவீலர் ஸ்டேன்ட்டுக்கும் மற்றவர்கள் கோயிலுக்கும் போய்விட்டார்கள். முழங்கால் வலி என்று அத்தையும், ஈக்களுக்காக நானும் வீட்டில் இருந்தோம். அப்போதுதான் பீ.எச்.ஐ. மாத்தயா வந்தார். திருவிழாவுக்குக் கூட்டம் சேரும், டெங்கு பரவும் என்று லயங்களைச் சோதித்துப் புகையடிக்க வந்த சுகாதாரப் பரிசோதகர். வாசலில் கிடந்த சிரட்டைகளைக் கவிழ்த்துப் பார்த்தார். பூச்சாடியின் அடித்தட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து என் பெட்டியைப் பார்த்தார்.

“நங்கி, மொனவாத மே?” இது என்ன என்று கேட்டார்.

“மெஸ்ஸோ, சேர்.” ஈக்கள் என்றேன்.

ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே புழுக்கள் கொழுகொழுவென்று நெளிந்தன. நாடு முழுக்க டெங்குப் புழு தேடி அலைகிறவருக்கு, ஒரே வீட்டில், பெயர் ஒட்டி, தேதி போட்டு, வரிசையாக அடுக்கிவைக்கப்பட்ட புழுக்கள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்து அத்தை உள்ளேயிருந்து உதவிக்கு வந்தார்.

“ஏகி தமாய் மேவா ஹதன்னே, மாத்தயா.” இவள்தான் இதையெல்லாம் வளர்க்கிறாள் என்று பொருள்.

வழக்குப் போட்டுவிடுவார் என்று நினைத்ததும் எனக்கு வாய் திறந்துவிட்டது. எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். மரபணு, ஆண் ஈ, விந்தணு, பிரியாத கட்டு, எல்லாம். “சுக்ராணு” என்று சிங்களத்தில் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். அது அப்பா என்னைத் திட்டுகிற மொழி இல்லை அல்லவா. மாத்தயா பேனாவை மூடினார். குழாயை மரியாதையோடு பெட்டியில் வைத்தார். ஆனால் புகையடிப்பதை நிறுத்த முடியாது. இயந்திரம் அடுத்த லயத்துக்கு வந்துவிட்டது. புகை பட்டால் கொசுவோடு என் ஈக்களும் சாகும், உடனே கொண்டுபோய்விடு என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குளிர்ச்சியாகவும் புகை எட்டாமலும் இருக்கும் இடம் என்று யோசித்தால் ஒன்றே ஒன்றுதான்: கோயிலின் சாமான் அறை. கருங்கல் சுவர், சின்ன யன்னல்.

உள்ளே அண்ணி தனியாக உட்கார்ந்து பஞ்சாமிர்தத்துக்கு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். பிள்ளை இல்லாதவள் ஆரத்தித் தட்டுத் தொட வேண்டாம் என்று அத்தை முதல்நாளே சொல்லிவிட்டாராம். மேசையில் மைக்செட் ராஜு அண்ணனின் சாமான்கள் இருந்தன. அவரைக் காணவில்லை, தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். பாட்டு நின்றிருந்ததைக் கவனித்தேன். நல்லது, நிம்மதியாகப் பேசலாம் என்று நினைத்தேன். யன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அதனால் இரண்டு பேரும் கொஞ்சம் சத்தமாகவே பேச வேண்டியிருந்தது. ஒலிபெருக்கிக் குழல்கள் எல்லாம் தூரத்து மரங்களில் லயங்களைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தன. எங்கள் குரல் வெளியே போனது எங்களுக்குக் கேட்கவே இல்லை.

அண்ணி இரண்டு குழாய்களைக் கையில் எடுத்தார். “இதுல புழு இருக்கு. இதுல ஒண்ணுமே இல்லையே. செத்துப்போச்சா?”

“சாகல அண்ணி. அதுல இருக்குற ஆம்பளைக்குப் புள்ளை பொறக்காது.”

“கண்ணுன்னு சொன்ன?”

“கண்ணு இல்ல. அது அப்பாவுக்குச் சொன்னது.”

அண்ணி வாழைப்பழத்தைக் கீழே வைத்தார். “ஆம்பளைக்கா?”

“ஆம்பளைக்குத்தான். பாத்தா ஒண்ணும் தெரியாது. நல்லா ஆடுவான், பாடுவான், எல்லா வேலையும் செய்வான். உள்ள சரக்கு இல்ல.”

“பொம்பளைக்குக் கொற இல்லைன்னு எப்புடித் தெரியும்?”

“நான் பாத்தேனே. அதே பொம்பளையைத் தூக்கி வேற ஆம்பளையோட விட்டேன். ஒரே வாரம். நெளியுது.”

(இந்த வாக்கியத்தை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள், தேர்வடம் பிடித்திருந்தவர்கள், சந்தியில் த்ரீவீலர் ஸ்டேன்ட்டில் நின்றவர்கள் என்று தோட்டத்தில் காது உள்ள அத்தனை பேரும் கேட்டார்கள். ஈ என்ற சொல் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.)

அண்ணி சிரித்தார். அந்த விடுமுறையில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“ஆம்பளையைச் சோதிக்கிறதுதான் அண்ணி ரொம்ப லேசு. பொம்பளைக்குத்தான் ஊசி, ஸ்கேன், அது இதுன்னு. ஆம்பளைக்கு ஒரு சின்னப் போத்தல் போதும்.”

“ஒங்கண்ணன் அந்தப் போத்தலுக்கே பயப்படுறாரு.”

“த்ரீவீலரைத் தூக்குறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அத்தைக்கு யாரு சொல்றது?”

“நீ சொல்லு. எனக்குப் போதும் போதும்னு ஆயிருச்சு.” அண்ணியின் குரல் மாறியது. “நாலு வருசமா எந்த ஊசின்னாலும் நான்தான் கையை நீட்டுறேன். ஒரே ஒரு தடவை அவரு வந்து என் பக்கத்துல ஒக்காந்திருந்தா நான் பெட்டி கட்டியிருக்க மாட்டேன் தர்ஷி. புள்ளை இல்லைன்னாலும் கட்டியிருக்க மாட்டேன்.”

அந்தப் புழு இல்லாத குழாயை நான் அண்ணியிடமிருந்து திரும்ப வாங்கியபோது வாசலில் ராஜு அண்ணன் தெரிந்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பை சாய்ந்து, தேத்தண்ணி முழுவதும் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மெதுவாக வந்து மேசையில் ஒரு சுவிட்சை அணைத்தார்.

“தங்கச்சி,” என்றார், துக்க வீட்டில் பேசுகிற குரலில். “மைக்கு.”

என் கையிலிருந்த குழாய் விழுந்தது. பஞ்சு அடைப்பான் கழன்று, ஆடிப் பாடும் ஆண் ஈக்கள் வாழைப்பழத்தை நோக்கிப் பறந்தன. அந்த வருடப் பஞ்சாமிர்தத்தில் என்ன கலந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. (இப்போது சொல்லிவிட்டேன்.)

வெளியே வந்தேன். தவிலும் நாதஸ்வரமும் நின்றிருந்தன. அப்பா தேர்வடத்தைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரதம விருந்தினராக வந்திருந்த தொரைக்கு, அதாவது தோட்ட நிர்வாகிக்கு, தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார்கள் என்று அவர் கேட்க, பக்கத்திலிருந்த ஆபீஸ் கிளாக்கர், “டெங்கு ஒழிப்பு அறிவித்தல், சேர்” என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். தொரை பாராட்டும் விதமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். புகைக்குப் பயந்து வீட்டைவிட்டு வந்த அத்தை, சரியாக ஒலிபெருக்கிக் குழலுக்குக் கீழே, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். புகைக்காக மூடியதா என்று தெரியவில்லை.

மனதுக்குள் பட்டியல் போட முயன்றேன். மயங்கி விழலாம். ஓடலாம். தேருக்குள் ஏறி ஒளியலாம். அதற்குமேல் பட்டியல் நகரவில்லை.

கொழுந்துக் கூடையோடு நின்ற கண்ணம்மா அக்காதான் முதலில் வாய் திறந்தார். மலையில் அவருடைய குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

“ஏன் ராஜு நிப்பாட்டுன? புள்ள நல்லாத்தானே சொல்லிக்கிட்டு இருந்துச்சு.”

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. “போடு, போடு. எங்க வீட்டுலயும் ஒண்ணு ஆட்டமும் பாட்டமுமாத்தான் இருக்கு,” என்றார் இன்னொருவர். அந்த வீட்டுக்காரர் அவசரமாகக் குனிந்து செருப்பைத் தேடினார், கோயிலுக்கு வெறுங்காலோடு வந்திருந்தும்.

இனிமேல் போவதற்கு மானம் எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்ததும் எனக்கு என் பழைய நிதானம் திரும்பிவிட்டது. உள்ளே போய்ச் சுவிட்சைப் போட்டு, மைக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

“நான் சொன்னது ஈயைப் பத்தி,” என்றேன். “ஆனா மனுசனுக்கும் இதே மாதிரி ஆகும். புள்ளை இல்லைன்னா ரெண்டு பேரையும் பாக்கணும். ஆம்பளையை மொதல்ல பாக்கணும், ஏன்னா அதுதான் லேசு. ரெத்தினபுரியில பாக்குறாங்க. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. நன்றி, வணக்கம்.”

கை தட்டினார்கள். தொரையும் தட்டினார். அப்பா வானத்திலிருந்து கண்ணை இறக்கி, “தேரை இழுங்கப்பா,” என்றார்.

தேர் நகர்வதற்குள் சந்திப் பக்கமிருந்து ஒரு த்ரீவீலர் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. கூட்டம் தானாக விலகியது. அண்ணன் இறங்காமலே சாமான் அறை வாசலைப் பார்த்தார். அண்ணி அங்கே நின்றுகொண்டிருந்தார்.

“ஏறு,” என்றார் அண்ணன்.

“எங்க? தெரணியகலைக்கா?”

“ரெத்தினபுரிக்கு.”

“இன்னைக்குக் கிளினிக் இல்ல.”

அண்ணன் சுற்றிலும் பார்த்தார். தோட்டமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. “இருந்தாலும் ஏறு வசந்தி,” என்றார் தாழ்ந்த குரலில். “ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம். எனக்கு இங்க நிக்க முடியல.”

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக நடந்துபோய் ஏறினார். பின்சீட்டில் அவர் உட்கார்ந்திருந்த தோரணைக்கு அந்த வருடத் தேர் கொஞ்சம் மங்கித்தான் தெரிந்தது.

கிளினிக் நாளில் இருவரும் போனார்கள். காத்திருக்கும் வாங்கில் எங்கள் தோட்டத்து ஆண்கள் மூன்று பேர் ஏற்கெனவே வரிசையாக உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

“என்ன குமாரு, காய்ச்சலா?”

“ஆமாண்ணே. ஒங்களுக்கு?”

“எனக்கும் லேசாத்தான்.”

அதன்பிறகு எல்லாரும் மறுபடி கூரையைப் பார்த்தார்களாம். அண்ணி மட்டும் இரத்தினபுரி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தாராம். அண்ணனுக்கு இருந்தது விதைப்பை இரத்தக் குழாயில் ஒரு வீக்கம். சின்ன சத்திரசிகிச்சை, கொஞ்சம் மருந்து, நிறையப் பொறுமை. அண்ணியின் பெட்டி தேர் நாள் அன்றைக்கே அவிழ்க்கப்பட்டுவிட்டது; சிகிச்சையின் முடிவு தெரிவதற்கு வெகு முன்பே. முடிவு இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள், யாருக்கும் அடங்குவதில்லை. பெரியத்தை அவளை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் எல்லாம், “நான் அப்பவே சொன்னேன், பயலைக் கொண்டுபோய்க் காட்டுங்கடான்னு,” என்று சொல்கிறார். மறுத்துப் பேச எங்கள் வீட்டில் யாருக்கும் நேரமில்லை.

போன வருடம் என்னைப் பெண் பார்க்கக் கேகாலைப் பக்கமிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பாடசாலை ஆசிரியர். உட்கார்ந்த உடனே அவருடைய அம்மா கைப்பையைத் திறந்து, பழத்தட்டுக்குப் பக்கத்தில் மடித்த கடதாசி ஒன்றை வைத்தார். ஆய்வுகூட அறிக்கை.

“ஒங்க தோட்டத்துக்கு இது இல்லாம வரக்கூடாதுன்னு சொன்னாங்க,” என்றார்.

அப்பா மறுபடியும் வானத்தைத் தேடினார். உள்ளே கூரைத் தகரம்தான் இருந்தது. அண்ணி கடதாசியை விரித்தார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார்.

“எல்லாம் சரியாத்தான் தம்பி இருக்கு,” என்றார் கடைசியில். “ஆனா எங்க தர்ஷி ஒரு தடவை பாத்ததை நம்ப மாட்டா. எதையும் மூணு தடவை செஞ்சு பாத்துத்தான் எழுதுவா.”

மாப்பிள்ளை எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

“ரெண்டு தடவை செஞ்சாச்சுங்க அக்கா,” என்றார். “மத்தது வீட்டுல இருக்கு. மூணாவதுக்கு அடுத்த வாரம் போறேன்.”

அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.